பென்சிலால் போட்ட பெருக்கல் குறி

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: உயிர், தனிமனித சுதந்திரம். தாங்கள் உட்கார்ந்திருக்கும் இதே கட்டடத்தை மருத்துவமனையாக்க ஒரு முறை அரசாங்கமே முடிவெடுத்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அப்போது அவர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள்.

2010 செப்டம்பர் 15 அன்று முதல்வர் கருணாநிதி திறந்துவைத்த நூலகம் இது. அடுத்த மே மாதம் ஆட்சி மாறியது. 2011 நவம்பரில் ஜெயலலிதாவின் அமைச்சரவை, நூலகத்தை நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்துக்கு மாற்றிவிட்டு இந்த ஒன்பது மாடிக் கட்டடத்தைக் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தது. வழக்குகள் பாய்ந்தன. சென்னை உயர் நீதிமன்றம் அதே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. நூலகம் பிழைத்தது.

டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் அன்று நடந்தது கட்சிச் சண்டை. கருணாநிதி கட்டியதை ஜெயலலிதா இடிக்கப் பார்க்கிறார் என்றது ஒரு தரப்பு. குழந்தைகளின் உயிரைவிடப் புத்தகம் பெரிதா என்றது இன்னொன்று. நானும் நூலகத்தின் பக்கம்தான் நின்றேன், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால், அந்த இரண்டாவது கேள்விக்கு யாரும் நின்று பதில் சொல்லவில்லை என்பது உறுத்தல்தான். சென்னையில் நோயுற்ற குழந்தைகளுக்கு எங்கே என்ன குறை? எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையை விரிவாக்கினால் போதாதா? மருத்துவத்துக்கான பொதுப்பணம் எந்த இடத்தில், யாருக்காக, யாரைக் கேட்டுச் செலவழிய வேண்டும்? இத்தனைக்கும், அதே அரசு ஓமந்தூரார் வளாகத்தில் புதிய தலைமைச் செயலகத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடத்தைப் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாற்றி 2014இல் திறந்தது. இன்று அங்கே தினமும் கூட்டம் அலைமோதுகிறது. ஒன்று தவறு, மற்றது சரி என்றால் ஏன்? இரண்டுமே தவறு என்றால் அந்தக் கூட்டத்துக்கு என்ன பதில்?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு துறைப்பெயர் இருக்கிறது: உயிர் அறவியல், பயோஎதிக்ஸ். 1970இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் வான் ரென்ஸலர் பாட்டர் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் மனத்தில் இருந்தது மருத்துவமனை மட்டுமல்ல. காடு, கடல், மக்கள்தொகை, எதிர்காலத் தலைமுறை எல்லாம் அதில் அடக்கம். பிறகு அது மெல்ல மெல்ல டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவிலான விவகாரமாகச் சுருங்கிப்போனது. சென்னையில் அதைக் கையிலெடுத்தவர்களில் விலங்கியலாளர்களும் உண்டு. 1997 ஜனவரி 16 முதல் 19 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உயிர் அறவியல் பயிலரங்கு ஒன்று நடந்தது. முன்னின்றவர் விலங்கியல் பேராசிரியர் ஜெயபால் அசரியா. உடனிருந்தவர் யூபியாஸ் அறவியல் நிறுவனத்தின் டாரில் மேசர். அதன் கட்டுரைத் தொகுப்பு 1998இல் வந்தது. உயிர்வளங்களையும் நிலவளங்களையும் எப்படிக் கையாள்வது என்பதே அந்தப் பயிலரங்கின் மையப்பொருள். பாட்டரின் பழைய, அகலமான அர்த்தம்தான்.

அதற்குப் பிறகு என்ன ஆனது? மருத்துவ மாணவர்களுக்கு 2019இலிருந்து மனப்பாங்கு, அறம், உரையாடல் சார்ந்த பாடப்பகுதி கட்டாயமாகிவிட்டது. கலை, அறிவியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்களுக்கு இருப்பது பட்டப்படிப்பின் பகுதி நான்கில் வரும் சுற்றுச்சூழல் கல்வியும் விழுமியக் கல்வியும். சுற்றுச்சூழல் பாடம் வந்த கதை தனி: எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், கல்லூரி வகுப்பறைக்கு அது கட்டாயப் பாடமாக வந்து சேரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. வந்த பிறகு? தேர்வுக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடையில் வாங்கும் இருபது பக்க நோட்ஸ். விழுமியக் கல்வி இன்னும் மோசம். உண்மை பேசு, பெரியோரை மதி என்பதை ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதிவிட்டு வரலாம். 2005 அக்டோபரில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட உயிர் அறவியல், மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் பிரிவு, எல்லா நிலைகளிலும், குறிப்பாக இளைஞர்களுக்கு இதைக் கற்பிக்கச் சொல்கிறது. அதைக் காட்டி இன்னொரு தாள், இன்னொரு நோட்ஸ் என்று யாராவது கிளம்பினால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

எனக்கு வேண்டியது வேறு. இந்த நகரத்தில், இந்த மாநிலத்தில் நடந்த நாலைந்து சம்பவங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் யார் யார் இருந்தார்கள் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும். டாக்டர் அல்லாதவர்கள் எத்தனை பேர் என்று.

முதலில் 1986.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வுத் தலைப்பைச் சொல்கிறார்: இங்கே எய்ட்ஸ் இருக்கிறதா என்று பார். அன்று அது அமெரிக்கர்களின் நோய். நம் ஊரில் வராது என்பதுதான் பொதுப் பேச்சு. நிர்மலாவுக்கு வயது 32, இரண்டு குழந்தைகளின் தாய். மும்பை போல இங்கே அறியப்பட்ட சிவப்பு விளக்குப் பகுதி இல்லை. ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் பால்வினை நோய் சிகிச்சைக்கு வரும் பெண்களோடு பழகியபோது, அவர்களில் பலரின் படிவத்தில் ‘வி ஹோம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறார். விஜிலன்ஸ் ஹோம். பாலியல் தொழிலுக்காகக் கைதாகி, ஜாமீன் கட்டக் காசில்லாமல் அடைபட்டிருக்கும் பெண்களின் இடம். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அங்கே போய் ரத்தம் எடுத்தார். பஸ் காசு மிச்சமாகட்டும் என்று கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவாராம். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த சீரம், வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். சென்னையில் சோதிக்க வசதியில்லாததால், ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடிக்கு. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. ஆய்வகம். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

பெரிய கண்டுபிடிப்பு. பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய கண்காணிப்பும் ரத்தப் பரிசோதனையும் அதன் பின்னால்தான் வந்தன. இரண்டு பெண்களின் துணிச்சலையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊசி ஒரு தடவை கையில் குத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால், நிர்மலாவே பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் ஒளிக்காமல் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது: எதற்காக ரத்தம் எடுக்கிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, படிக்காதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது, பால்வினை நோய்க்கான சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் வகுப்பை நிறுத்த வேண்டும். மனிதர்கள் மீதான ஆய்வுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இலேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது. ஆகவே, அப்போது விதியே இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே சமயம், இன்றைய சட்டையை 1986க்கு மாட்டிப் பார்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எனக்கு ஒப்பாது. முக்கியமான கேள்வி ரத்தம் எடுத்தவர் நல்லவரா என்பதல்ல. பூட்டிய கதவுக்குள் இருக்கும் ஒருத்தி கையை நீட்டினால் அதற்குச் சம்மதம் என்று பெயரா? கதவைப் பூட்டியது யார்? காவல் நிலையம், நீதிமன்றம், சமூகநலத் துறை. ஒருவரும் மருத்துவம் படித்தவர் இல்லை. பிறகு எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்களைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்ததை எதிர்த்து 1990இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் டாக்டர் இல்லை, சியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர். அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

அடுத்தது உறுப்பு மாற்று. இதில் தமிழ்நாட்டுக்கு இரண்டு முகங்கள், இரண்டையும் ஒரே நாளில் பாடம் நடத்த வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒன்றைப் பிள்ளைகளுக்கே தெரியும், ‘சென்னையில் ஒரு நாள்’ படம் பார்த்திருப்பார்கள். அதன் மூலக்கதைக்கு வித்து, 2008 செப்டம்பரில் நடந்தது. திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீஸ் சாலையை ஒதுக்கித் தர, அவன் இதயம் சில நிமிடங்களில் முகப்பேர் மருத்துவமனையில் காத்திருந்த ஒரு சிறுமியிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டிலேயே மூளைச்சாவு உறுப்புக் கொடைக்கான அரசாணைகள் வந்தன. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடையாளருக்கு அரசு மரியாதை.

மற்ற முகம் வில்லிவாக்கம். ஒரு காலத்தில் அதைக் கிட்னிவாக்கம் என்றே கேலியாகச் சொல்வார்கள். கேலியாக எப்படிச் சொல்ல முடிந்தது என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனை குற்றமானது. ஆனாலும், ஆய்வாளர் மாதவ் கோயலாலும் அவரது குழுவினராலும் 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். கணவன் சம்பாதிக்கிறவன், அவன் உடம்பு கெடக் கூடாது என்பது பல வீடுகளின் கணக்கு. 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்தது சராசரியாக ஆயிரத்து எழுபது டாலர். முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் மோசமானதாகச் சொன்னார்கள். இன்னொருவருக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டேன் என்றவர்கள் 79 விழுக்காடு. ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 2002இல் இது வெளியானது. என் உடம்பு, என் உரிமை, விற்றால் என்ன என்று பொருளாதாரம் படிக்கும் மாணவன் ஒருவன் நிச்சயம் கேட்பான், கேட்க வேண்டும். அவனிடம் அறிவுரை சொல்லாமல் இந்த எண்களைக் கொடுத்து, வாங்கிய பணம் எங்கே போனது என்று கணக்குப் போடச் சொல்லலாம்.

பழங்கதை இல்லை இது. 2004 சுனாமியில் வீடிழந்து எண்ணூர் பக்கம் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007இல் வெளியே வந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள். சட்டத்தில் ஓட்டை எங்கே என்று பார்த்தால், நெருங்கிய உறவினர் அல்லாதவரும் அன்பின் காரணமாகத் தரலாம் என்ற ஒரு சொற்றொடரில் இருக்கிறது. முன்பின் அறியாத இருவர் அனுமதிக் குழுவின் முன்னால் நெடுநாள் நண்பர்களாகி நிற்பார்கள். அந்தக் கோப்புக்குள் எத்தனை பேர் கை இருக்கும்? தரகர், முகவரிச் சான்று தந்தவர், பிரமாணப் பத்திரம் டைப் செய்தவர், கையொப்பத்தைச் சான்றளித்தவர், கேள்வி கேட்காமல் தலையாட்டிய அலுவலர். எல்லோரும் நம் கல்லூரிகளில் பி.ஏ., பி.காம். படித்து வெளியே வந்தவர்கள்தாம். நூலகத்தில் இன்று படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் நாளை அந்த மேசைக்குப் பின்னால் உட்காரலாம்.

மாணவர்கள் உயிர் அறவியலுக்குள் ஏற்கெனவே காலை வைத்துவிட்ட ஓர் இடமும் உண்டு: நாட்டு நலப்பணித் திட்டத்தின் ரத்ததான முகாம். படுத்து, கையை நீட்டி, பந்தை அழுத்தி, பிஸ்கட்டும் ஜூஸும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். 2016இல் ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தார் ஓர் இளைஞர். சோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது, அவருக்குச் சொல்லப்படவில்லை. 2018 நவம்பரில், உறவினர் ஒருவருக்காக சிவகாசியில் மறுபடி ரத்தம் கொடுத்தார். அது சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கான உடற்பரிசோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், மருத்துவமனைக்குத் தகவல் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 19.

இந்த ஒரு நிகழ்வில் இருக்கும் அறக் கேள்விகளுக்கு ஒரு பருவம் முழுக்கப் போதாது. சோதனை முடிவை அறியும் உரிமை யாருடையது? தொடர்புகொள்ள முடியவில்லை என்று விட்டுவிடலாமா? ரகசியம் காப்பதும் எச்சரிப்பதும் மோதினால் எதற்கு முதலிடம்? யாரும் சொல்லித்தராமலே சரியானதைச் செய்தவர் அந்த ஒருவர்தான். தவறு முழுக்க அமைப்பினுடையது, அவமானம் முழுக்க அவருடையதாக ஆனது. அடுத்த முகாம் நடத்தும் கல்லூரி எதுவானாலும், கட்டிலில் படுக்கும் முன் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் இதைச் சொல்லலாம்: உன் ரத்தத்தில் என்னென்ன சோதிப்பார்கள், ஏதாவது இருந்தால் எப்படிச் சொல்வார்கள், சரியான போன் நம்பர் ஏன் வேண்டும். சான்றிதழைவிட உபயோகமான அரை மணி நேரம் அது.

இனி என் சொந்தக் கதை, சுருக்கமாக. அப்பாவின் அறுவைசிகிச்சைக்கு முதல் நாள் இரவு, நகரத்து மருத்துவமனை ஒன்றில், நர்ஸ் நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். எல்லாம் ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் ஏற்கெனவே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. “சார், இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.” எழுத்தே பிழைப்பாக இருக்கும் நான், படிக்காமல் மூன்று இடத்திலும் போட்டுக் கொடுத்தேன். அப்பா முழு நினைவோடு பக்கத்துக் கட்டிலில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பு, அவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “நீ பார்த்துப் போடுப்பா” என்றுதான் சொல்லியிருப்பார். பீச்சமும் சில்ட்ரஸும் 1979இல் எழுதிய நூலிலிருந்து உலகமெங்கும் பாடமாகும் நான்கு கோட்பாடுகளில் முதலில் சொல்லப்படுவது தனிமனிதரின் தன்னுரிமை. எங்கள் வீட்டில் அது அப்பாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, பென்சில் குறியிடம் இருந்தது. குடும்பமாக முடிவெடுப்பது நம் வழக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அன்று குடும்பம்கூட முடிவெடுக்கவில்லை.

மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படிவங்களில் ஒப்புதல் என்று அச்சடிக்கிறார்கள். குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம், கடனையும் ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஒரு தோல்வியின் சாயல். சம்மதம் என்றால் கல்யாண வீடு ஞாபகம் வருகிறது. அங்கே பெண்ணைத் தவிர எல்லோரும் சம்மதிப்பார்கள். இசைவு நல்ல சொல், ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை யாரும் பேசுவதில்லை. தமிழ்த்துறை மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுப்பொருள் கிடைக்குமா?

சட்டம் நமக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் குறித்த 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு மருத்துவச் சோதனையையும் ஓர் அறவியல் குழு அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள். அதில் ஒருவர் துறைசாராத சாதாரணக் குடிமகன் அல்லது குடிமகள். கூட்டம் நடக்க ஐந்து பேர் வேண்டும். சட்டம் தெரிந்தவரும் அந்தச் சாதாரண ஆளும் அந்த ஐவரில் இருந்தாக வேண்டும். எத்தனை பேராசிரியர்கள் வந்திருந்தாலும், அவர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. அந்த நாற்காலியில் உட்காரப் பட்டம் தேவையில்லை, படிவத்தை ஒரு தாயின் கண்ணோடு படிக்கத் தெரிந்தால் போதும். 2009இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, ஆந்திரத்தில் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாற்காலியில் ஒருவர் விழித்திருந்தால், விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு யார் போடுவார்கள் என்று கேட்டிருப்பார். ஆய்வு மறு ஆண்டு நிறுத்தப்பட்டது.

வகுப்பறையில் இதை நடத்துவது கஷ்டமில்லை. ஏழு நாற்காலி, ஒரு படிவம், ஒரு மணி நேரம். அதிகம் பேசாத பிள்ளையைச் சாதாரண ஆளின் இடத்தில் உட்கார வையுங்கள். தேர்வு வேண்டாம், எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு வினா: 1986இல் விஜிலன்ஸ் ஹோமில் அந்தப் பெண்களிடம் என்ன சொல்லியிருக்கலாம்? சொன்னாலும் புரிந்திருக்காது என்பது உண்மைதானா என்று பார்க்க, அவர்கள் பேசிய தமிழிலேயே எழுத வேண்டும். நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். சொல்லிப் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“அக்கா, புதுசா ஒரு வியாதி வந்திருக்குதுக்கா. அமெரிக்காவுல நிறைய பேருக்கு இருக்காம். நம்ம ஊர்ல இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, அதைப் பார்க்கத்தான் ரத்தம் எடுக்கிறேன். இருந்துச்சுன்னா இப்போதைக்கு மருந்து கிடையாது. தெரிஞ்சா உங்ககிட்ட வந்து சொல்லட்டுமா, வேணாமா? கொடுக்க இஷ்டமில்லன்னாலும் சொல்லிடுங்க, யாரும் உங்களை ஒண்ணும் கேட்க மாட்டாங்க. ஊசியை எடுத்து உள்ள வெச்சிட்டுப் போயிடுறேன்.”